செல்வராணியைத் திருப்பிக் கேட்டவர்கள்

பயிற்சி வகுப்பில் இளம் வழக்கறிஞர்களான உங்களுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கட்சிக்காரர் சொல்வதைக் கேட்கும்போது கோபப்படாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள், எதிலும் ஒட்டாமல் இருங்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். லண்டன் டூட்டிங்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில் குடிவரவு வழக்கறிஞராக என் காலம் முழுவதையும் கழித்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். முழங்கால் போய்விட்டது, பார்வை மங்கிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை உங்களுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஜெயித்த வழக்குகளைப் பற்றி என் பிரியாவிடை விருந்தில் எல்லோரும் பேசிவிட்டார்கள். கேக் வெட்டிக் கைதட்டினார்கள். இது தோற்ற வழக்கு. இதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடியே.

செல்வராணி இலங்கை மலையகத்துப் பெண். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் ஏஜென்ட் மூலம் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போனவள். அங்கே அவளை வேலைக்கு வைத்திருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். அந்தக் குடும்பம் லண்டனுக்கு வந்தபோது, பெட்டி படுக்கையோடு அவளையும் கொண்டுவந்தது. வெம்பிளியில் பெரிய வீடு. அவள் படுப்பது சலவை மெஷினுக்குப் பக்கத்தில், தரையில். லீவு என்று ஒன்று இல்லை. சம்பளம் ஊருக்குப் போகிறது என்று சொல்வார்கள். ஊரில் கேட்டால் வரவில்லை என்பார்கள். பாஸ்போர்ட் வீட்டுக்கார அம்மாவின் அலமாரியில். அம்மாவுக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுதம். அவள் முழங்கையில் இருந்த தழும்பு இஸ்திரிப்பெட்டியால் வந்தது.

ஒருநாள் காலையில் குப்பையை வெளியே வைக்க அனுப்பினார்கள். வைத்தாள். திரும்பி உள்ளே போகவில்லை. கையில் இருந்தது ஒரு மளிகைக் கடையின் பை மட்டும். அதில் தமிழில் கடைப் பெயரும், கீழே ஆங்கிலத்தில் டூட்டிங் விலாசமும் அச்சடித்திருந்தது. வெம்பிளியிலேயே தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நுழைந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தப் பையைக் காட்டிக் காட்டி வழி கேட்டு, இரக்கப்பட்ட பஸ் டிரைவர்கள் புண்ணியத்தில், லண்டனின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தக் கடையை நடத்தியவர் சுகந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், பிரான்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். செல்வராணிக்குச் சாப்பாடு கொடுத்து, கடைக்கு மேலே தன் வீட்டிலேயே தங்கவைத்து, அடுத்த நாள் காலையில் என்னிடம் கூட்டிவந்தார்.

இப்போது விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கு வீட்டுவேலைக்கு வருகிறவர்கள், வீட்டுக்காரர் கொடுமைப்படுத்தினால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். பிறகு அந்த உரிமையைப் பிடுங்கினார்கள். யாரோடு வந்தாயோ அவரிடம்தான் வேலை; வெளியேறினால் நீ சட்டவிரோதம். செல்வராணி வந்தது அந்தக் காலத்தில். அப்புறம் கூச்சல் எழுந்ததும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: மாறலாம், ஆனால் விசாவில் மிச்சமிருக்கும் சில மாதங்களுக்குத்தான். பாஸ்போர்ட் கையில் இல்லாத, இங்கிலீஷ் தெரியாத பெண்ணுக்கு அந்தச் சில மாதத்தில் யார் வேலை கொடுப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா? யோசித்திருப்பார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை.

எங்கள் அலுவலகத்தின் தலைமை வழக்கறிஞரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் திட்டுவார். பெற்றோர் கரீபியன் தீவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதற்கு முன்னால் அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரோய்டனில் குடிவரவுத் துறையின் அந்த உயரமான கட்டடத்துக்கு வெளியே குளிரில் வரிசையில் நிற்கும்போது எனக்குப் பாடம் எடுப்பார். அமெரிக்காவில் தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு சட்டம் இருந்தது. பிடிபட்டவன் தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல முடியாது. பிடித்தவன் சொல்வதுதான் சாட்சி. அவனுக்குச் சாப்பாடு போட்டவரையும் ஒளித்துவைத்தவரையும் தண்டிக்கலாம். வழக்கைக் கேட்கும் அதிகாரிக்கு, அவனை விடுவித்தால் ஒரு கட்டணம், திருப்பி அனுப்பினால் அதைப்போல இரண்டு மடங்கு.

"இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது?" என்பார். "எஜமானை விட்டு ஓடியவனைக் கட்டாயப்படுத்திக் கப்பலில் ஏற்ற முடியாது என்று இதே லண்டனில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவன் சுதந்திரமானவன் என்று அவர் சொன்னாரா? இல்லை. கப்பலில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பதையே ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய பிறகும், தங்கள் கடற்படைக் கப்பலில் வந்து ஏறிய அடிமையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஊரே கொதித்தெழுந்த பிறகுதான் அதை வாபஸ் வாங்கினார்கள். கோபப்படாதே என்று யாராவது சொன்னால், அந்தக் கப்பலை நினைத்துக்கொள்."

அவர் எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பார். ஓடிவந்தவள் வாய் திறக்க அதில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை யார் எழுதியிருந்தாலும், எவ்வளவு அழகான தலைப்புக் கொடுத்திருந்தாலும், அது திருப்பிக் கொடுக்கிற சட்டம்தான் என்பார்.

செல்வராணியிடம் நான் பேசிக்கொண்டிருந்த அதே காலையில், லண்டன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது. செல்வராணியின் முகம். மேலே பெரிய எழுத்தில் 'காணவில்லை'. கீழே: எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையாக இருந்தவர், மனநிலை சரியில்லாதவர், மருந்து எடுக்காவிட்டால் ஆபத்து, கண்டவர்கள் தயவுசெய்து அழைக்கவும். கும்பிடும் கைகள் வேறு. அந்தக் காலத்து லண்டன் பத்திரிகைகளில் ஓடிப்போன அடிமைகளைத் தேடி விளம்பரம் போடுவார்கள். கோட்டு என்ன நிறம், கழுத்தில் எந்த இடத்தில் காயம் என்று இருக்கும். திரும்பி வந்தால் அன்போடு ஏற்றுக்கொள்கிறோம் என்றுகூடச் சிலதில் இருக்கும். கும்பிடும் கைகள் போடும் வசதி மட்டும் அப்போது இல்லை.

அந்தச் செய்தியைப் பார்த்த சுகந்தி அக்கா, குழுவில் பதில் எழுதிவிட்டார். 'கவலைப்படாதீர்கள், அவர் பத்திரமாக இருக்கிறார், டூட்டிங்கில் ஒரு லோயரிடம் விட்டிருக்கிறோம்.'

அதைக் கேள்விப்பட்டதும் நான் போனில் அவரிடம் கத்தினேன். எல்லாவற்றையும் செய்துவிட்டு இதையும் ஏன் அக்கா செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் அழுதுவிட்டார்.

"நான் வேணுமெண்டு போடேல்லை. காணேல்லை எண்டு கண்டால் எனக்குச் சும்மா இருக்க ஏலாது. என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அம்மா சாகும்வரை அவன்ர படத்தை வச்சுக்கொண்டு ஒவ்வொரு ஆமிக் காம்பா ஏறி இறங்கினவ. ஆராவது ஒருத்தர் 'இருக்கிறான்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும் எண்டு எத்தனை நாள் இருந்தனாங்கள். இதைப் பாத்திட்டு எப்பிடிப் பேசாம விடுறது?"

நான் மலேசியாக்காரி, படிக்க வந்து இங்கேயே தங்கியவள். என் வீட்டில் யாரும் காணாமல் போனதில்லை. ஆனால் அந்த வெம்பிளி அம்மா அப்படியில்லை. சுகந்தி அக்காவின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். 'காணவில்லை' என்ற சொல்லைப் பார்த்தால் இந்தச் சனம் எப்படித் துடித்துப்போகும் என்று தெரிந்துதான் அதை எடுத்திருக்கிறார். ஊரே இழந்த பிள்ளைகளைத் தேடித் தேய்ந்த துக்கத்தை எடுத்து, ஓடிப்போன வேலைக்காரியைப் பிடிக்க வலையாக விரித்திருக்கிறார். என் வேலையில் எத்தனையோ அயோக்கியத்தனத்தைப் பார்த்திருக்கிறேன். இதற்குச் சமமாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். வெம்பிளி அம்மா, கூடவே ஊர்ச் சங்கத்து ஐயா ஒருவர். குடும்பச் சண்டை, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவைக்கிற ஆள். போலீசுக்குப் போகாமல் முதலில் அவரிடம் போவதுதான் இங்கே பலருக்கு வழக்கம். நல்ல மனிதர் என்று பெயர். அம்மாவின் கையில் செல்வராணிக்கு ஒரு பை துணியும் பழங்களும்.

"பிள்ளை, இது எங்கட ஆக்களுக்குள்ள இருக்கிற பிரச்சினை," என்றார் ஐயா. "வெளியில போனால் எல்லாருக்கும்தான் வெக்கம். இருந்து கதைச்சுத் தீர்ப்பம்."

"எங்கட சொந்தப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருந்தனாங்கள்," என்று அம்மா விசும்ப ஆரம்பித்தார். "ராணி! வா ராணி. அம்மா ஒண்டும் சொல்லமாட்டன்."

உள் அறையில் இருந்த செல்வராணிக்கு அந்தக் குரல் கேட்டது. நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அவள் ஒளியவில்லை, அழவில்லை. எழுந்தாள், சால்வையை மடித்தாள், குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், நேரே வெளியே வந்து வாசலில் செருப்பைத் தேடினாள்.

"நான் போயிர்றேங்க மிஸ். மேடமே வந்துட்டாங்கல்ல."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நன்றாக யோசியுங்கள். அவள் வயதுக்கு வந்த பெண். கட்சிக்காரர் சொல்வதைத்தான் நாம் செய்யவேண்டும் என்பது நம் தொழிலின் விதி. போகிறேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டாள். பிடித்துவைக்க எனக்கு உரிமை இல்லை. ஐயாவின் முகத்தில் நிம்மதி. நான் தலைமை வழக்கறிஞரின் அறைப் பக்கம் பார்த்தேன். அவர் கதவில் சாய்ந்து நின்றார். தமிழ் தெரியாது, ஆனால் நடப்பது அவருக்கு வரிக்கு வரி புரிந்திருந்தது.

'போகவேண்டுமா, வேண்டாமா' என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அடித்தவர் முன்னால் நின்றுகொண்டு அடிவாங்கியவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். வரும் பதில் அவளுடையதாக இருக்காது. நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"இவள் பாஸ்போர்ட் எங்கே?"

"வீட்டில பத்திரமா இருக்கு."

"கொண்டுவந்து இவள் கையில் கொடுங்கள். அது கையில் இருக்கும்போதும் உங்களோடு வருகிறேன் என்று இவள் சொன்னால், உங்கள் கார்க் கதவை நானே திறந்துவிடுகிறேன். அதுவரை இங்கேதான் இருப்பாள்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "அவளுக்கேன் பாஸ்போர்ட்? துலைச்சுப்போடுவாள்."

"தொலைத்தால் அவளுடையதைத்தானே தொலைப்பாள்."

ஐயாவின் குரல் மாறியது. "பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள். சட்டம் என்ன சொல்லுது? இவ அவையின்ர வீட்டில மட்டும்தான் வேலை செய்யலாம். வெளியில நிண்டால் இல்லீகல். நாங்கள் கூட்டிக்கொண்டு போகாட்டி குரோய்டனிலயிருந்து வந்து பிடிச்சுக்கொண்டு போவாங்கள். நாங்கள் சட்டப்படிதான் கேக்கிறம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தப்பியவளைத் துரத்த வேட்டைநாயோ விலங்கோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சட்டம் அந்த வேலையைச் சும்மா செய்துகொடுத்தது.

"பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள்," என்று மறுபடியும் சொன்னேன். இந்த முறை கத்தித்தான் சொன்னேன். கீழே துணிக்கடையில் இருந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் போனார்கள். பாஸ்போர்ட் வரவேயில்லை. அவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் செல்வராணி செருப்பைக் கழற்றினாள். கழற்றிவிட்டுச் சொன்னாள்: "என் பேரு செல்வராணிங்க. ராணின்னு அவங்களா வச்சது." அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கையைக் காட்டியது அப்போதுதான்.

அதுவரை நாங்கள் சரியாகத்தான் செய்தோம். அவளைக் காப்பகத்தில் சேர்த்தோம். அடிமையாக வைக்கப்பட்டவர் என்று அரசாங்கம் அங்கீகரிக்க விண்ணப்பித்தோம். காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டு வருடத்தைத் தாண்டியது. போலீஸ் வாக்குமூலம் எடுத்தது; வெம்பிளி வீட்டில் எல்லோரும் ஒரே வாயாக மறுத்ததும், சாட்சி போதாது என்று மூடிவிட்டது. கடைசியில் முடிவு வந்தது. ஆம், நீ வீட்டு அடிமையாக வைக்கப்பட்டிருந்தாய், நாங்கள் நம்புகிறோம் என்றது அரசாங்கம். அலுவலகத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். சுகந்தி அக்கா கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்தார்.

அடுத்து வந்த முடிவு: அதனால் இங்கே தங்க உனக்கு உரிமை எதுவும் இல்லை. உன் விசா முடிந்துவிட்டது. ஊருக்குப் போ.

இதை நீங்கள் சட்டமாகப் படிக்காமல் மனிதர் பேசும் பேச்சாகப் படித்துப் பாருங்கள். உன்னை அடித்தார்கள், உண்மைதான். உன் உழைப்பைத் திருடினார்கள், உண்மைதான். அதை நாங்களே சொல்கிறோம். போய் வா. ஓடிவந்த அடிமையிடம் 'நீ பொய் சொல்கிறாய்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய காலம் போய், 'நீ சொல்வதெல்லாம் நிஜம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் காலத்தில் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

குரோய்டனுக்குக் கையெழுத்துப் போடப் போனவளை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டார்கள். நாங்கள் நீதிமன்றத்துக்கு ஓடினோம். நீதிபதி அவளைப் பார்க்கவில்லை, அவள் குரலைக் கேட்கவில்லை. காகிதத்தைப் பார்த்துத் தள்ளுபடி செய்துவிட்டார். அதைப் படித்ததும் என் தலைமை வழக்கறிஞர் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் கையால் வாரித் தரையில் தள்ளினார். யாரும் தடுக்கவில்லை. பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினோம்.

விமானம் ஏற்றுவதற்கு முன்னால் செல்வராணி என்னிடம் போனில் பேசினாள். "நீங்க கஷ்டப்படாதீங்க மிஸ். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் தப்புப் பண்ணல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் ஏன் மிஸ் என்னய மட்டும் அனுப்புறாங்க?"

இந்த நாட்டுச் சட்டத்தை எத்தனையோ பேருக்குத் தமிழில் விளக்கியிருக்கிறேன். அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

ஊரிலிருந்து ஒருமுறை அழைத்தாள். அதே ஏஜென்ட் வாசலில் வந்து நிற்கிறான், வேறு நாட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறான் என்றாள். போகாதே என்றேன். "இங்க என்னங்க மிஸ் இருக்கு?" என்றாள். அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

இதில் நான் சரியாகச் செய்தது, பிழையாகச் செய்தது எல்லாவற்றையும் உங்கள் மூத்தவர்கள் அலசிப் பாடமாக்கிக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டது சரி. வந்த முதல் நாளே சுகந்தி அக்காவை எச்சரித்திருக்கவேண்டும் என்பார்கள், அதுவும் சரி. நான் சொல்ல வருவது அதுவல்ல. இதை ஒரு துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வழி தவறிப் போன கோப்பு அல்ல இது. சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அதைச் சரியாகச் செய்தது. இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்தால் நல்லது. வராவிட்டால் வேறு துறை பாருங்கள், சொத்துப் பத்திரம் எழுதுகிற வேலையில் நல்ல வருமானம்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஐயா எனக்குப் போன் செய்தார். வெட்கமோ தயக்கமோ இல்லை.

"மலேசியாப் பிள்ளை, சுகமா இருக்கிறீங்களோ? பழசுகளை மனசில வச்சிருக்காதேங்கோ. ஒரு சின்ன உதவி. எங்கட வெம்பிளிக் குடும்பம் வீட்டுவேலைக்கு ஒரு ஆளைக் கூப்பிடப் போகினம். அந்த விசாவைப் பற்றி உங்களைவிட வேற ஆருக்கு வடிவாத் தெரியும்?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவி கேட்டார்.

"அவர்களுக்கு எப்படி மறுபடியும் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

"ஏன் குடுக்காமல்? அவையளில ஒரு கேஸும் இல்லையே."

அதுவும் உண்மைதான். அவர்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை.

"இதுவும் மலையகத்துப் பிள்ளையா?"

"சீச்சீ, இல்லை. இந்த முறை தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஆளாப் பாத்துத்தான் எடுக்கினம். தமிழ் ஆளெண்டால் கடைவழிய கதைச்சுப் பழகி, பிறகு உங்களை மாதிரி ஆக்களிட்ட வந்து நிண்டு... ஏன் பிள்ளை தேவையில்லாத கரைச்சல்?"